கீழமாசி வீதி தேரடி

மதுரையின் சித்திரைத் தேர் கிளம்பும் இடம் இது. சித்திரைத் தேருக்கு மாசி வீதியில் என்ன வேலை? மாசியில் நடந்த விழாவை 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது வழக்கு. தேர் மட்டும் பழைய தடத்தை விடவில்லை.

எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். பத்தாம் நாள் திருக்கல்யாணம்; அன்று மதுரைப் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றையும் மாற்றிக்கொள்வார்கள், கோயிலில் மொய்யும் எழுதுவார்கள். ஊர்க் கல்யாணமாயிற்றே! மறுநாள் தேரோட்டம். வீதி முனையில் தேரைத் திருப்புவது வடம் பிடிப்பவர்களை விட, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்களின் கைப்பக்குவம்.

ஆவணி மூலத் திருவிழாவில் செங்கோல் மீனாட்சியிடமிருந்து அவள் கணவர் சுந்தரேசுவரருக்கு மாறும். பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலும் அப்போதுதான். புரட்டாசியில் கொலு. தைப் பௌர்ணமியில் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தெப்பம்; குளம் வறண்ட ஆண்டுகளில் அது நிலைத்தெப்பமாகவே முடிந்துவிடும்.