மாவு பாக்கெட்டும் மச்சினன் லேப்டாப்பும்

கத்தரித்த அட்டை ஒன்றை மடியில் வைத்துக் கொண்டு, அதன் மேல் டைப் அடிப்பது போலப் பத்து விரல்களையும் ஆட்டிக் கொண்டு ஒரு ஆசாமி மாநகரப் பேருந்தில் போனால், அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அதையேதான் கண்டக்டரும் நினைத்தார்.

"சார்... எங்க இறங்கணும்?" என்றார், குழந்தையிடம் பேசுகிற குரலில்.

"சிம்சன்."

"கூட யாரும் வரலையா?"

வந்திருந்தான். இரண்டு சீட் தள்ளி, என்னை யாரென்றே தெரியாதவன் போல ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தான் என் மச்சினன். இத்தனைக்கும் அந்த அட்டை அவனுக்காகத்தான்!

மச்சினனுக்குக் கும்பகோணத்தில் தொழில். கல்யாண போட்டோகிராஃபர். மயிலாடுதுறை, சீர்காழி, தஞ்சாவூர் என்று முகூர்த்த நாளெல்லாம் ஊர் ஊராகச் சுற்றுவான். முன்பெல்லாம் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஆல்பம் கொடுத்தால் போதும். 'அதுக்குள்ளே ரெடியாயிடுச்சா?' என்று காபி கொடுத்து உபசரிப்பார்கள். இப்போது மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தியில் பாயசம் வருவதற்குள், 'தம்பி, நாலு படம் வாட்ஸ்அப்பில போடுங்களேன், அமெரிக்காவில அண்ணன் காத்துக்கிட்டிருக்கான்' என்று ஆள் மாற்றி ஆள் வந்து நிற்கிறார்கள். ஆகவே, போகிற இடத்திலேயே உட்கார்ந்து படத்தைத் தேற்றியாக வேண்டும். மண்டபத்தின் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கு நடுவில், அல்லது திரும்பி வரும் பஸ்ஸில்.

இதற்காக 2021-ல் ஒரு லேப்டாப் வாங்கலாம் என்றபோது அவன் யோசனை கேட்டது என்னிடம். பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன் குடும்பத்தில் இருந்தால், நிலம் வாங்குவதிலிருந்து நாய்க்கடி வரை அவன்தான் ஆலோசகர். நானும் கொஞ்சம்கூடத் தயங்காமல், "மாப்ளே, போட்டோ வேலைக்குப் பெரிய ஸ்க்ரீன்தான் சரி. கண்ணை மூடிக்கிட்டு பதினேழு இஞ்ச் வாங்கு" என்றேன்.

கண்ணை மூடிக் கொண்டுதான் வாங்கினான். பழைய மாடல், மலிவாகக் கிடைத்தது. 17.3 அங்குலம். சுமார் இரண்டே முக்கால் கிலோ. செங்கல் மாதிரி ஒரு அடாப்டர் தனி.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். கேமரா இரண்டு, பெரிய லென்ஸ், ஃப்ளாஷ் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே எட்டு கிலோ பை. அதில் இந்த லேப்டாப் நுழையவில்லை. தனியாக இன்னொரு பை வாங்கினான். பஸ்ஸில் மடியில் வைத்தால் பக்கத்து சீட்காரரின் தொடையில் கால்வாசி உட்காரும். மூடியை முழுசாகத் திறக்க முன்சீட்டு விடாது. ஒரு தரம் முன்சீட்டு ஆசாமி 'அப்பாடா' என்று சாய்ந்தபோது மூடி நடுவில் மாட்டிக் கொண்டு 'களுக்' என்றது. உழவன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் வைத்துப் பார்த்தான். நிமிர்ந்து உட்கார முடியாத இடத்தில், மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் நிறுத்தி வேலை செய்தானாம். அரியலூர் அளவுக்குக்கூடப் போகாத வண்டி அது. ஆனால் அவன் தோள்பட்டை வலி திருச்சி வரை போய் டாக்டரைப் பார்த்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன தை மாதம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம்.

ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அம்மா கிடையாது. இரண்டு வருஷம் முன்பு தவறிவிட்டார். அந்த அம்மாவின் முகூர்த்தப் புடவையைத்தான் பெண் பிடிவாதமாகக் கட்டிக் கொண்டு மணையில் உட்கார்ந்தது. நல்ல அரக்குப் பட்டு. பழசாகப் பழசாக ஆழம் கூடுகிற நிறம். மச்சினன் எண்பது பக்க ஆல்பம் போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தான். பெண் முதல் பக்கத்தைத் திறந்தது. இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கம். பிறகு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

புடவை தக்காளி நிறத்தில் இருந்தது!

அப்பா சத்தம் போடவில்லை. "இது எம் பொண்டாட்டி புடவை இல்லீங்களே தம்பி" என்றாராம். அவ்வளவுதான். பாக்கி இருபத்தைந்தாயிரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை.

அன்றிரவு போன் வந்தது. "மாமா, நான் பார்க்கறப்ப அரக்காத்தான் இருந்துச்சு மாமா..." என்று தொடங்கியவனால் மேலே பேச முடியவில்லை.

* * *

தப்பு எங்கே நடந்தது என்று தேட ஆரம்பித்தேன். எனக்குத் தெரியாத சாத்திரம். என்றாலும் பாவத்தில் பாதி என்னுடையது ஆயிற்றே!

முதலில் புரிந்தது இது. திரையின் அளவு வேறு, திரையின் தரம் வேறு. 1996-ல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்று ஒரு நிற எல்லையை வகுத்தன. இன்டர்நெட்டில் உலவும் படங்கள், பிரிண்ட் போடும் லேப்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இயங்குகின்றன. மலிவு லேப்டாப்களின் விவரச் சீட்டில் '45 சதவிகிதம் என்.டி.எஸ்.சி.' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பார்க்க ஏதோ பட்டம் மாதிரி இருக்கும். அதன் அர்த்தம், எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இந்தத் திரைக்குக் காட்டத் தெரியும் என்பது. பாக்கியெல்லாம் வெளுத்துப் போய்த் தெரியும்.

மச்சினன் திரையில் அரக்குப் புடவை வெளுத்துச் செங்காவியாகத் தெரிந்திருக்கிறது. 'என்னடா இது' என்று சிவப்பை ஏற்றியிருக்கிறான். திரை ஒத்துக் கொள்ளும் வரை ஏற்றியிருக்கிறான். லேப் மெஷினுக்கு இந்தக் குறை கிடையாதே! அவன் ஏற்றியதை எல்லாம் அப்படியே நம்பி, தக்காளியாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

போதாக்குறைக்கு அது டி.என். என்ற பழைய ரகப் பலகை. தலையைக் கொஞ்சம் தூக்கினால் படம் வெளுக்கும், தாழ்த்தினால் கறுக்கும். மேல் பெர்த்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தவனுக்கு எந்த நிறம் தெரிந்திருக்கும் என்று அந்த ரயிலுக்குத்தான் வெளிச்சம். இப்போது பரவலாக இருக்கும் ஐ.பி.எஸ். ரகத்தில் இந்தத் தொல்லை வெகு குறைவு.

இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. அந்தப் பதினேழு அங்குலத் திரையில் மொத்தம் 1600-க்கு 900 புள்ளிகள். பெருக்கினால் 14 லட்சத்து 40 ஆயிரம். இன்றைய பதினாலு அங்குல லேப்டாப்பில் சாதாரணமாக வரும் 1920-க்கு 1200 புள்ளிகளைப் பெருக்கினால் 23 லட்சத்தைத் தாண்டுகிறது. அவன் கேமரா எடுக்கும் படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். மணப்பெண்ணின் கண் 'ஷார்ப்'பாக விழுந்திருக்கிறதா என்று முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால், பழைய பெரிய திரை படத்தில் பதினேழில் ஒரு பங்கைக் காட்டும். புதிய சின்னத் திரை பத்தில் ஒரு பங்கைக் காட்டும். பெரிய வீடு, சின்ன ஜன்னல்!

* * *

சரி, அப்படியானால் என்ன அளவு வாங்குவது? இங்கேதான் பி.காம். மூளை வேலை செய்தது (பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்கிறாள் மனைவி).

கடைக்காரர் 'பதினாலு', 'பதினஞ்சு புள்ளி ஆறு' என்று சொல்வதெல்லாம் மூலைக்கு மூலை அளந்த கணக்கு. உயரம் அதில் தெரியாது. அகலம் 16 என்றால் உயரம் 9 என்ற விகிதத்தில் இருந்த திரைகள்தான் வெகு காலம் ஓடின. சினிமா பார்க்க ஏற்றவை. இப்போது 16-க்கு 10 என்ற விகிதத்திலும் நிறைய வருகின்றன. பெரும்பாலான பெரிய கேமராக்களின் படமோ 3-க்கு 2. ஒரு மாலை நேரம் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 15.6 அங்குல அகலத் திரையின் உயரம் 19.4 செ.மீ. பதினாலு அங்குல 16-க்கு 10 திரையின் உயரம் 18.8 செ.மீ. வித்தியாசம் ஆறு மில்லி மீட்டர், ஒரு மொச்சைக்கொட்டைகூட இல்லை! படத்தைத் திரை நிறைய விரித்தால் இரண்டிலும் ஏறக்குறைய அதே படம்தான். பெரியதில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை அதிகம். அந்தக் கறுப்புப் பட்டையைத்தான் நாம் சுமந்து கொண்டு திரிகிறோம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் இடமும் வலமும் கருவிப் பட்டைகள் நிற்கும். பதினாலில் அவை நெருக்கும். அப்போது பெரிய திரைதான் சௌகரியம். 'டேப்' விசையைத் தட்டினால் இரண்டு பட்டையும் ஒளிந்து கொள்ளும், வேண்டும்போது மறுபடி தட்டிக் கொள்ளலாம். மச்சினன் இதற்கு இரண்டே நாளில் பழகிவிட்டான். எனக்கென்னவோ எழுத்து பொடியாகத் தெரிகிறது. நாற்பது நெருங்குகிறது, அது திரையின் குற்றமில்லை.

கணக்கு காகிதத்தில் சரி. உடம்பு ஒப்புக் கொள்ள வேண்டாமா? அதற்குத்தான் அட்டை. பதிமூன்று, பதினாலு, பதினாறு அங்குல லேப்டாப்களின் வெளி அளவுக்கு மூன்று அட்டைப் பெட்டிகளை வெட்டி, மூடி மாதிரி இன்னொரு அட்டையை ஒட்டினேன். எடைக்குச் சமையலறையைச் சோதனை போட்டேன். பதிமூன்று அங்குலத்துக்கு ஒரு கிலோ கோதுமை மாவும் கால் கிலோ ரவையும். பதினாலுக்கு ஒரு கிலோ மாவு, அரை கிலோ ரவை. பதினாறுக்கு இரண்டு கிலோ மாவு, மேலே ஒரு சின்ன மிளகாய்த்தூள் பாக்கெட். கேமரா பையில் ஒவ்வொன்றாகப் போட்டு, சைதாப்பேட்டையிலிருந்து அண்ணா சாலை வழியாக மூன்று தடவை போய் வந்தோம்.

"என்னங்க, மாவு எங்க போவுது?" என்றாள் மனைவி வாசலில்.

"உன் தம்பி எதிர்காலத்துக்கு" என்றேன்.

பதினாறு அங்குல அட்டை நெரிசலில் ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. மூடியைத் திறந்தால் முன்சீட்டுக் கம்பியில் இடித்தது. பதிமூன்று மடியில் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்தது. ஆனால் ஆறு மணி நேரம் அதில் ஐந்நூறு படம் திருத்தச் சொன்னால் மாட்டேன் என்றான் மச்சினன். பதினாலு பையில் நுழைந்தது, மடியில் நின்றது, பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் மட்டும் பார்த்தார்.

(1981-ல் ஆஸ்பார்ன் என்று ஒரு கம்ப்யூட்டர் வந்தது. 'எடுத்துப் போகலாம்' என்று விற்றார்கள். எடை கிட்டத்தட்ட பதினோரு கிலோ, திரை ஐந்து அங்குலம்! மாவு மூட்டைக்கு நடுவில் தபால் கார்டைச் சொருகின மாதிரி. அதையும் தூக்கிக் கொண்டு போனவர்கள் இருந்திருக்கிறார்கள்.)

* * *

சிம்சனில் இறங்கி ரிச்சி தெரு. முதல் கடையில் நுழைந்ததும் ஒரு பையன் திரையில் பஞ்சவர்ணக் கிளி வீடியோவைப் போட்டான். எல்லாக் கடையிலும் கிளிதான். கிளி எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். அதன் நிஜ நிறம் நமக்கென்ன தெரியும்?

"தம்பி, கிளியை நிறுத்து" என்றேன். மச்சினன் பென் டிரைவை எடுத்தான். அதில் மூன்று படங்கள்: அரக்குப் புடவை, வெள்ளை வேட்டி, இருட்டில் எரியும் குத்துவிளக்கு. சட்டைப் பையில் அந்தப் பெண்வீட்டில் கேட்டு வாங்கி வந்த ஒரு பொருள்: அம்மாவின் அதே பட்டில் தைத்து மிச்சமிருந்த ரவிக்கைத் துண்டு, உள்ளங்கை அகலம். கொடுக்கும்போது பெண் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னதாம்: "தொலைச்சிடாதீங்கண்ணா."

துணியைத் திரையோடு வைத்துப் பார்த்தோம். ஏழு லேப்டாப்பில் நாலு அப்போதே தோற்றன. இன்னொன்றில் அரக்கு துணியைவிடக் கூடுதலாக ஜொலித்தது. அது ஓலெட் திரை. நிற அமைப்பு 'விவிட்' என்று இருந்தது, அதை எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றியதும் அடங்கிப் போய்ச் சாது ஆகிவிட்டது. விலைதான் ஆகவில்லை.

முடிவாக வாங்கியது பதினாலு அங்குலம், 16-க்கு 10, ஐ.பி.எஸ். 'நூறு சதவிகிதம் எஸ்.ஆர்.ஜி.பி.' என்று சீட்டில் எழுத்திலேயே இருந்தது. வெளிச்சம் 400 நிட்ஸ். 250 நிட்ஸ் திரைகள் கடை ஏ.சி.யில் நன்றாகத்தான் தெரிந்தன. வாசல் வெயிலுக்குக் கொண்டு வந்து பார்த்ததும் அவற்றில் என் முகம்தான் தெரிந்தது. லேப்டாப் 82,000 ரூபாய். ஆல்ப வேலைக்கு வீட்டு மேஜையில் வைக்க நல்ல நிறம் காட்டும் 24 அங்குல மானிட்டர் 14,000. ஆக 96,000. இதே தரத்தில் பதினாறு அங்குல லேப்டாப் மட்டும் 1,25,000 சொன்னார்கள். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவிகிதம் தேய்மானம் வேறு உண்டு என்று நான் ஆரம்பித்தபோது மச்சினன் டீ குடிக்கப் போய்விட்டான்.

ஊருக்குப் போனதும் தெரிந்த லேப்காரரிடம் நிறம் சரிபார்க்கும் கருவியை இரவல் வாங்கி, திரையின் மேல் எலிக்குட்டி மாதிரி தொங்கவிட்டு இரண்டையும் சரி செய்தான். ராத்திரியில் வெளிச்சத்தை முழுசாக வைத்துக் கொண்டு திருத்தினால் பிரிண்ட் இருட்டாக வருமாம்; அதனால் லேப் பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, அதற்குச் சமமாக வெளிச்சத்தை இறக்கிக் கொள்கிறான்.

எண்பது பக்கத்தையும் தன் செலவில் மறுபடி போட்டான். கொண்டு போய்க் கொடுத்த அன்று பெண் ஆல்பத்தைத் திறக்கவில்லையாம். பீரோவிலிருந்து புடவையை எடுத்து வந்து, முந்தானையைப் பிரித்து, முதல் பக்கத்தின் மேல் போட்டுப் பார்த்ததாம். ரொம்ப நேரம் பார்த்ததாம். அப்புறம் "அப்பா, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டதாம்.

ராத்திரி போனில் இதைச் சொல்லிவிட்டு மச்சினன் கேட்டான்: "மாமா, பாக்கிப் பணமும் குடுத்துட்டாங்க. அக்காவுக்கு ஏதாச்சும் வாங்கட்டுமா?"

அக்கா ரிசீவருக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். "எதுவும் வேணாம்னு சொல்லுங்க. பஸ்ஸில மூணு தரம் போய் வந்த மாவு, பை கிழிஞ்சு மிளகாய்த்தூளோட கலந்து கெடக்கு. அவன் வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அதனால், இந்த வாரம் பூரா எங்கள் வீட்டில் கார சப்பாத்தி.