இரும்பைச் சுமந்த கால்வாய்



ஜேம்ஸ் வாட் என்றதும் நீராவி எஞ்சின் என்று உடனே சொல்லிவிடுவோம். அவர் ஒரு கால்வாய்க்கும் அளவெடுத்துக் கொடுத்தார், தெரியுமா? எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்குக் கிழக்கே மாங்க்லேண்ட் என்ற பகுதி உள்ளது. அங்கே நிலக்கரி ஏராளம். ஆனால் வண்டியில் ஏற்றி நகருக்குக் கொண்டுபோக செலவு அதிகம். அதனால் 1769-ல் வாட் அளந்து சொன்னபடி, 1770-ல் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். கரையில் குதிரை நடக்கும்; கயிற்றில் கட்டிய படகு பின்னாலேயே வரும். தரையில் இழுப்பதைவிட தண்ணீரில் பல மடங்கு பாரம் இழுக்கலாம்.

1801-ல் டேவிட் முஷெட் என்பவர் அங்கே கரியும் இரும்பும் கலந்த கறுப்புக் கல்லைக் கண்டுபிடித்தார். ஆனாலும் அதை நன்றாகப் பயன்படுத்த வழி தெரியவில்லை. 1828-ல் நீல்சன் என்பவர் வழி கண்டார். நாம் அடுப்பை ஊதுகுழலால் ஊதுகிற மாதிரி, ஊதுலைக்குள் குளிர்ந்த காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காற்றைச் சூடாக்கவே நிறைய கரி வீணாகும். நீல்சன் காற்றை முதலிலேயே சூடாக்கி ஊதினார். கிளைடு இரும்பாலையில் 1829-ல் 1 டன் இரும்புக்கு 8 டன் கரி தேவைப்பட்டது. 1833-ல் இரண்டேகால் டன்னே போதுமானது!

கரி, கல், கால்வாய் எல்லாம் ஒரே இடத்தில். 1826-ல் ரயில் பாதையும் வந்துவிட்டது. அதிலும் முதலில் குதிரைதான் இழுத்தது. 1830-ல் கார்ட்ஷெரி ஆலையில் உலை மூட்டினார்கள். கோட்பிரிட்ஜ் என்ற சிற்றூர் பெரிய ஊரானது.

இதெல்லாம் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வரி படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்ததே 1842-ல்தான். அப்படியென்றால் பத்து வயது முடிந்த பையன் இறங்கலாம்! என் தம்பிக்கு இப்போ பத்து வயது. அவனுக்கு இருட்டு என்றாலே பயம்.

கார்ட்ஷெரி ஆலை 1967-ல் மூடப்பட்டது. கால்வாயின் ஒரு பகுதி மேல் இன்று பெரிய சாலை போகிறது. சம்மர்லீ என்ற பழைய ஆலை இருந்த இடம் அருங்காட்சியகமாக உள்ளது.

தோழிகளே, பரீட்சையில் "கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்பார்கள். சுமந்தவர் யார் என்று நாமாவது கேட்போம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி