இரவு 11.45-க்கு ரயில் டிக்கெட் ஏன் போட முடிவதில்லை?

இரவு 11.45-க்கு மேல் ஐஆர்சிடிசி-யில் டிக்கெட் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நடக்காது. 12.20 வரை கடை அடைப்பு. தினமும் 35 நிமிடம்தானே என்று தோன்றும். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 213 மணி நேரம், கிட்டத்தட்ட 9 நாள்!

பெரிய வங்கிகளின் மெயின்ஃபிரேம்களுக்கு 'ஐந்து ஒன்பது' என்றொரு இலக்கு உண்டு. 99.999 சதவிகித நேரம் ஓட வேண்டும், வருஷத்துக்கு ஐந்தேகால் நிமிடம் மட்டுமே நிற்கலாம். ரயில்வே அதன் கிட்டேகூட இல்லை. அப்போ நம்ம சிஸ்டம் மட்டமா? அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு சொல்ல முடியாது.

ஐஆர்சிடிசி வெறும் முகப்புதான். சீட்டுகள் இருப்பது அதன் பின்னால் உள்ள பிஆர்எஸ் என்ற முன்பதிவு அமைப்பில். 1985-ல் டெல்லியில் தொடங்கியது. இன்று டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்கள். இவற்றை இணைக்கும் 'கான்செர்ட்' மென்பொருளை ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் எழுதியது. 1994-ல் செகந்திராபாத்தில் வந்து, 1999-க்குள் ஐந்து மையங்களுக்கும் பரவியது. ஓடுவது ஓபன்விஎம்எஸ் என்ற இயங்குதளத்தில். டிஜிட்டல் நிறுவனம் 1983-ல் க்ளஸ்டர் முறையை அறிமுகப்படுத்தியது இந்தக் குடும்பத்துக் கணினிகளில்தான். மெயின்ஃபிரேமில் அதே யோசனையை ஐபிஎம் 1994-ல் 'பேரலல் சிஸ்பிளெக்ஸ்' என்று கொண்டுவந்தது. அதில் 32 சிஸ்டம்கள் வரை ஒன்றாகச் சேரலாம்.

க்ளஸ்டர் என்றால் ஸ்டெப்னி இல்லை. ஸ்டெப்னி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், டயர் வெடித்தால் வண்டியை நிறுத்தித்தான் மாட்ட வேண்டும். க்ளஸ்டர் என்பது லாரியின் பின்பக்க ஜோடி டயர் மாதிரி. எல்லாமே எப்போதும் உருள்கின்றன. ஒன்று போனாலும் வண்டி நகரும். எல்லா மெஷின்களும் ஒரே டேட்டாவை வாசிக்கின்றன, ஒரே டேட்டாவில் எழுதுகின்றன.

சிக்கல் அங்கேதான். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. ஆனைக்கரை ஏலத்தோட்டப் பக்கம் இருப்பவர் மலை இறங்கி, தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் சென்னை ரயிலைப் பிடிக்கலாம். அதுவும் 2023 ஜூனில்தான் வந்தது, வாரத்துக்கு மூன்றே நாள். அதில் மிச்சம் ஒரே ஒரு லோயர் பெர்த் என்று வையுங்கள். அம்மாவுக்காக அவர் மொபைலில் அழுத்துகிறார். அதே நொடியில் சென்ட்ரல் கவுண்டரில் இன்னொருவர் கேட்கிறார். எந்த மெஷின் முதலில் அந்தப் பெர்த்துக்குப் பூட்டுப் போடுகிறதோ, அதற்கே உரிமை. மற்றது காத்திருக்கும். பூட்டுப் போட்ட மெஷின் பாதியில் செத்தால், மீதமுள்ளவை அரைகுறை எழுத்தை அழித்துவிட்டுப் பூட்டைத் திறந்துவிடும்.

மெஷின் செத்தால் பரவாயில்லை. சாகாமல், நடுவில் இருக்கும் கேபிள் மட்டும் அறுந்தால்? 'அவன் போய்விட்டான், இனி எல்லாம் நான்தான்' என்று இரண்டு பக்கமும் நினைக்கும். ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்றுவிடும். அதனால்தான் ஓட்டு. மூன்று மெஷின் என்றால் மூன்று ஓட்டு. இரண்டு ஓட்டாவது கையில் உள்ள பக்கம் தொடரும். ஒற்றை ஓட்டோடு தனித்துவிடப்பட்ட மெஷின், தான் நலமாகவே இருந்தாலும், வேலையை நிறுத்திவிட வேண்டும். இரண்டே மெஷின் உள்ள இடத்தில் மூன்றாவது ஓட்டை ஒரு டிஸ்க்குக்குக் கொடுப்பார்கள். தப்பாக விற்பதைவிட விற்காமல் இருப்பது மேல் என்பது கணக்கு. வேலையில் நீங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் என்றால், 'எத்தனை மெஷின்' என்பதோடு 'எது, எப்போது தானாக நிற்கும்' என்றும் கேளுங்கள்.

க்ளஸ்டரால் காப்பாற்ற முடியாதவையும் உண்டு. 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில், மெயின்ஃபிரேமின் இரவுநேர வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். பிரச்னை வந்ததும் பழைய பதிப்புக்குத் திரும்பப்போய், நிலைமை இன்னும் மோசமானது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 65 லட்சத்துக்கும் மேல். 2014-ல் வந்த அபராதம் 5.6 கோடி பவுண்டு. ஹார்டுவேர் செத்துப்போய் வந்த வினை இல்லை அது. தப்பான கட்டளையைக் கொடுத்தால் பத்து மெஷினும் அதை ஒழுங்காகச் செய்யும்.

மென்பொருளைப் புதுப்பிக்க, ஒரு மெஷினை மட்டும் வெளியே எடுத்து, மாற்றி, உள்ளே விட்டு, அடுத்ததற்குப் போகலாம். பயணிக்குத் தெரியவே தெரியாது. டேட்டாவே மாறும்போது இந்த வித்தை பலிக்காது. கோவிட் காலச் 'சிறப்பு ரயில்' எண்களைப் பழையபடி மாற்ற, 2021 நவம்பர் 14 முதல் ஏழு இரவுகள், 11.30 முதல் காலை 5.30 வரை பிஆர்எஸ்ஸை மூடினார்கள். டேட்டா ஒன்றுதான். பாதி மெஷினுக்குப் பழைய ரயில் எண், பாதிக்குப் புதிய எண் என்று ஓட்ட முடியாது.

தினசரி 35 நிமிடமும் பராமரிப்புக்குத்தான். அதையும் இதே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. 1985-ல் கவுண்டரோடு சேர்ந்து சிஸ்டமும் தூங்கப் போனதில் தப்பில்லை. இன்று கவுண்டர் உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது.

நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற திறனை 1.5 லட்சமாக உயர்த்தும் புதிய பிஆர்எஸ் வரும் என்று 2025 ஜூன் இறுதியில் ரயில்வே அறிவித்தது. இரண்டுமே வேகத்தின் எண்கள். தட்கல் நேரத்து நெரிசலுக்கு உதவலாம். இரவு 11.45-க்குக் கதவு திறந்திருக்குமா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.