கல் இல்லாமலே வீங்கும் பித்தப்பை

உங்களுக்குத் தெரியுமா? டெங்கு கண்ட பிள்ளை வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு அழுதால், பித்தப்பை வீங்கியிருக்கலாம். உள்ளே கல் ஏதும் இருக்காது. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து பித்தப்பையின் சுவர் தடித்துவிடுகிறது. வழக்கமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சுவர் அது. ஸ்கேனில் அடுக்கடுக்காகத் தெரியும். கணையம் வீங்குவதும் உண்டு, அபூர்வமாக.

இதெல்லாம் நடப்பது பெரும்பாலும் “காய்ச்சல் விட்டுட்டுல்லா!” என்று வீட்டார் நிம்மதியாகும் நாளில்தான். குடல்வால் வலி என்று எண்ணிக் கத்தியை எடுத்தால் வம்பு: தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது ரத்தம் லேசில் நிற்காது. நீர்ச்சத்தை அளவறிந்து ஏற்றினாலே பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில நாட்களில் வீக்கம் வடிந்துவிடும்.

2012-ல் தமிழகத்தில் டெங்கு அதிகம் வாட்டியது நெல்லை மாவட்டத்தைத்தான். அன்று அதில் சேர்ந்திருந்த கடையநல்லூர் படாதபாடு பட்டது. டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கும் திசையன்விளை வீடுகளுக்கு ஒரு வார்த்தை: ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்தை ஒட்டிய உள்சுவரில். தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, கறுப்பு மலம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி.