வேலையோடு ஒரு பட்டம் – 9: நுழைவுத் தேர்வு இல்லாத எம்.பி.ஏ.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) எம்.பி.ஏ. சேர விரும்புவோர், சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஓப்பன்மேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதித்தான் உள்ளே போக முடிந்தது. 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். பொது அறிவுக்கு 30, ஆங்கிலத்துக்கு 50, கணிதத் திறனுக்கு 50, தர்க்கத் திறனுக்கு 70 என்று பிரித்திருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடி.

இந்த வகைத் தேர்வுகளில் தவறாமல் தலைகாட்டும் கேள்வி ஒன்று. அடக்க விலைக்கு மேல் 25 சதவீதம் ஏற்றி விலை குறிக்கும் வியாபாரி, விற்கும்போது 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார். அவருக்கு லாபம் எவ்வளவு? அவசரத்தில் 5 சதவீதம் என்று குறித்துவிடுவோர் ஏராளம். 100 ரூபாய்ப் பொருள் 125 ஆகிறது, அதில் 20 சதவீதமான 25 ரூபாய் கழிந்து மறுபடி 100-க்கே வந்து நிற்கிறது. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். கல்லூரியை விட்டு பத்து ஆண்டு ஆனவர் அதை ஒரு நிமிடத்துக்குள் போட்டு முடிப்பதில்தான் சோதனையே இருந்தது. ஓப்பன்மேட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது என்பதால், தெரியாத கேள்வியையும் விடாமல் குறித்துவிட்டு வருவது வழக்கம். ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் தேர்வில் அப்படிச் செய்தால் இருக்கிற மதிப்பெண்ணும் போய்விடும்.

2021-இல் இக்னோ எம்.பி.ஏ. பாடத்திட்டத்தைப் புதுப்பித்து, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதலும் பெற்றது. அதோடு ஓப்பன்மேட்டுக்கும் விடை கொடுத்தது. இப்போது பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம், டான்செட் என்ற தமிழ்நாட்டுப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையோ, தானே நடத்தும் தனித் தேர்வையோ கேட்டு வந்திருக்கிறது. அகில இந்திய மேலாண்மைச் சங்கம் 1988 முதல் நடத்திவரும் மேட், ஐ.ஐ.எம்.களுக்கான கேட் ஆகியவை பெரும்பாலும் நேரில் வகுப்புக்குப் போய்ப் படிக்கிறவர்களுக்கானவை. தொலைநிலை எம்.பி.ஏ.வை மட்டும் மனதில் வைத்திருப்பவர் அவற்றுக்காகக் கோச்சிங் வகுப்பில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

நுழைவுத் தேர்வு போனதால் சேருவது எளிதாகிவிட்டது. ஆனால் எங்கே சேருவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு முழுக்க விண்ணப்பிப்பவர் தலையில் விழுந்துவிட்டது. தொலைநிலைக் கல்வியை மேற்பார்க்கும் வேலை 2013 வரை இக்னோவின் கீழ் இயங்கிய கவுன்சிலிடம் இருந்தது. அந்தக் கவுன்சில் கலைக்கப்பட்டபின் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) அதை ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறது என்பது மட்டும் போதாது என்பதைப் பலர் பணம் கட்டிய பிறகே தெரிந்துகொள்கிறார்கள். தொலைநிலையில் நடத்தவும் அனுமதி வேண்டும். அந்த அனுமதி எம்.பி.ஏ.வுக்கு இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் கல்வியாண்டுக்கும் அது செல்ல வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் செல்லாமல் போகக்கூடும்.

ஜெராக்ஸ் கடை மாடியில் தொங்கும் 'ஸ்டடி சென்டர்' போர்டை நம்பிச் சேருவோர் இன்னும் இருக்கிறார்கள். படிப்பு மையங்களைத் தனியாருக்கு உரிமம் கொடுத்து நடத்துவதை யு.ஜி.சி.யின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு மையம் நடத்தவும் முடியாது. வட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் நம்மூரில் அட்மிஷன் போடும் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பல்கலைக்கழகம் இங்கே மையம் நடத்த முடியுமா என்பதுதான். 2024 முதல் மாணவர் தானே அரசு இணையதளத்தில் பதிந்து டெப்-ஐ.டி. என்ற அடையாள எண்ணைப் பெற்றுத்தான் சேர முடியும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

கையில் கிடைக்கப்போவது பட்டமா, டிப்ளமோவா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. எம்.பி.ஏ. என்ற பட்டத்தைப் பல்கலைக்கழகங்களும், ஐ.ஐ.எம்.கள் போலச் சட்டப்படி பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்ற நிறுவனங்களுமே தர முடியும். மற்ற நிறுவனங்கள் தருவது முதுநிலை டிப்ளமோ. தனியார் நிறுவனங்கள் பல இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. முனைவர் பட்டத்துக்கோ அரசுப் பணிக்கோ போகும்போதுதான் சிக்கல் வரும். முறையான அனுமதியோடு தொலைநிலையில் பெற்ற பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே 'கரஸ்ல படிச்சது' என்று யாரும் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

உண்மையான வடிகட்டல் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. இக்னோ எம்.பி.ஏ. 28 பாடங்கள், 116 கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. மொத்தம் 3,480 மணி நேரம். குறைந்தபட்சக் காலமான 2 ஆண்டில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு 33 மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும். எட்டு மணி நேர வேலையும் வீடும் உள்ளவருக்கு இது நடக்கிற காரியமில்லை. அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், ஜூனிலும் டிசம்பரிலும் வரும் பருவத் தேர்வுக்கு 70 சதவீதம் என்பது மதிப்பீட்டு முறை. அசைன்மென்ட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டவருக்குத் தேர்வுக்குப் படிக்க நேரம் இருக்காது. பிறகு அரியர் சேரும், அரியரோடு சலிப்பும் சேரும். படிப்பைப் பாதியில் விடுகிறவர்களில் பலருக்குத் தடையாக நின்றது அறிவுக் குறைவு அல்ல, நேரக் குறைவு.

அதிகபட்சமாக 4 ஆண்டுகள் அனுமதிக்கப்படுகின்றன. அப்படிப் பரப்பிக்கொண்டால் வாரத்துக்கு 17 மணி நேரம் போதும். வேலைக்குப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே 4 ஆண்டு என்று திட்டமிட்டுக்கொள்வதுதான் சரி. வாரம் 17 மணி நேரத்தையும் எடுத்துவைக்க முடியாதவர்கள், அந்த நேரம் கிடைக்கும் ஆண்டில் விண்ணப்பிக்கட்டும். சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை திறக்கிறது.