சிபில் பதிவு கெட்டவர்களுக்கு உழவர் கடன் அட்டை

பயிருக்கு உரம் இடுவதில் அளவு எவ்வளவு முக்கியமோ காலமும் அவ்வளவு முக்கியம். சம்பா நெல்லில் தூர் கட்டும் சமயத்தில் இட வேண்டிய மேலுரம் தள்ளிப் போனால், பிறகு இரட்டிப்பாக இட்டாலும் இழந்த தூர்கள் திரும்பக் கிடைப்பதில்லை. இந்தத் தாமதத்திற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை அன்று. கையில் பணம் இல்லாமையே. வங்கியில் கடன் மறுக்கப்பட்ட விவசாயி வட்டிக்குக் கொடுப்பவரைத் தேடிப் போகிறார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம் ஆகிறது. ஒரு லட்ச ரூபாய்க்கு 36,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும்.

கிசான் கார்டு என்று வழங்கும் உழவர் கடன் அட்டைத் திட்டம் 1998 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டது. இதில் மூன்று லட்ச ரூபாய் வரையிலான பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 சதவீதம் ஊக்கத் தொகை உண்டு. ஆகவே ஒரு லட்ச ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 4,000 ரூபாய்தான். இந்தச் சலுகையை 2025-26 ஆம் ஆண்டிற்கும் மத்திய அரசு நீட்டித்தது. ஈடு இல்லாமல் விவசாயக் கடன் வழங்கும் உச்ச வரம்பையும் 2025 ஜனவரி முதல் 1.60 லட்சத்திலிருந்து 2 லட்சமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. வாய்மொழிக் குத்தகைதாரரும் வாரதாரரும் கூட இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

இவ்வளவு இருந்தும், "உங்கள் சிபில் சரியில்லை" என்ற ஒரே சொல்லில் பல விவசாயிகள் திரும்பி வந்துவிடுகிறார்கள். எது சரியில்லை என்று கேட்பவர்கள் குறைவு.

பதிவேட்டில் என்ன இருக்கிறது?

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாம் கொடுத்த கடன்களின் விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தவறாமல் அனுப்புகின்றன. சிபில் என்பது அவற்றுள் ஒன்று. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகிய மூன்றும் இதே பணியைச் செய்கின்றன. இவை 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகின்றன. பயிர்க் கடன் மட்டும் அன்று, நகைக் கடன், டிராக்டர் கடன், மகளிர் குழுக்களுக்கு நிதி நிறுவனங்கள் தரும் கடன் எல்லாம் இதில் ஏறும். மைத்துனருக்கோ பங்காளிக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனும் ஜாமீன்தாரர் பெயரில் தெரியும். அவர் கட்டத் தவறினால் இவர் பதிவும் கெடும். உரக்கடைப் பாக்கி மட்டும் இந்த ஏட்டில் வராது.

பயிர்க் கடன் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. குறுகிய காலப் பயிருக்கான கடன், தவணை நாளுக்குப் பின் இரண்டு பயிர்ப் பருவம் வரை கட்டப்படாமல் இருந்தால்தான் வாராக்கடன் ஆகும் என்பது விதி. அதனால் ஒரு போகம் தள்ளிக் கட்டினால் ஒன்றும் ஆகாது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வாராக்கடன் ஆவதற்கு முன்பே தாமதம் பதிவாகிவிடுகிறது. 3 சதவீத ஊக்கத் தொகையும் கைவிட்டுப் போகிறது.

முதல் வேலை

ஆகவே கெட்டுப்போன பதிவைச் சீர்செய்ய விரும்புவோர் முதலில் தம் அறிக்கையைப் பார்க்க வேண்டும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. படித்த மகனோ மகளோ வீட்டில் இருந்தால் கைபேசியிலேயே எடுத்துத் தருவார்கள். தம்முடைய அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பணம் கொடுத்தால் சிபிலைச் சரிசெய்து தருகிறோம் என்று வரும் தரகர்களை அண்ட விடாதீர்கள். உண்மையான பாக்கியை அழிக்க அவர்களால் இயலாது. தவறான பதிவைத் திருத்தவோ கட்டணமே இல்லை.

அறிக்கையில் கட்டி முடித்த கடன் பாக்கி என்று காட்டியிருந்தால், அல்லது பெயர் ஒற்றுமையால் வேறொருவர் கடன் ஏறியிருந்தால், அந்தத் தகவல் நிறுவனத்திற்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் எழுதித் திருத்தம் கோரலாம். முப்பது நாட்களுக்குள் தீர்வு காணாவிடில் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என 2023 இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. 2021 ஆம் ஆண்டு தமிழக அரசின் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடியில் பயன் பெற்றவர்கள் தள்ளுபடிச் சான்றிதழைப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருப்பது நல்லது. பதிவில் பழைய பாக்கி நின்றால் காட்டுவதற்கு அதுவே ஆதாரம்.

"தீர்வு" வேறு, "முடிவு" வேறு

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். மூன்று ஏக்கர் சம்பா வெள்ளத்தில் போன ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வங்கிப் பாக்கி 85,000 ரூபாய். சில ஆண்டுகள் கழித்து வங்கி முகாம் நடத்தி, ஒரே தவணையில் 60,000 கட்டினால் போதும் என்கிறது. நகையை வைத்துக் கட்டிவிட்டு, கடன் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கிறார். ஆனால் ஏட்டில் அது "முடிக்கப்பட்டது" என்று ஏறுவதில்லை. குறைத்துத் "தீர்வு செய்யப்பட்டது" என்றே ஏறுகிறது. அடுத்த வங்கி இதைப் பார்க்கும்போது, 25,000 ரூபாய் நட்டப்படுத்தியவர் என்றே எண்ணும்.

வேறு வழியே இல்லாதவருக்கு இந்தச் சமரசம் நல்லதுதான். வழக்கும் வட்டியும் நிற்கும். கொஞ்சம் பொறுத்தேனும் முழுத் தொகையும் கட்டக் கூடியவர் முழுதாகக் கட்டிக் கணக்கை முடிப்பதே மேல். முன்பே சமரசம் செய்துகொண்டவர், விட்டுக் கொடுத்த தொகையைச் செலுத்திப் பதிவை மாற்ற இயலுமா என்று அந்தக் கிளையிலேயே கேட்கலாம். எவ்வாறாயினும் நிலுவை இல்லை என்ற சான்றை எழுத்தில் பெறாமல் வங்கியை விட்டு வெளியே வரக் கூடாது.

வெள்ளமோ வறட்சியோ வந்த ஆண்டில் சும்மா இருப்பதும் தவறு. அரசு பாதிக்கப்பட்ட பகுதி என அறிவித்தால் பயிர்க் கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தர வங்கிகளுக்கு இடமுண்டு. தவணை நாள் கடப்பதற்கு முன்பே மனுக் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முறை

பாக்கி தீர்ந்த மறுநாளே மதிப்பெண் ஏறிவிடாது. சிபில் அறிக்கையில் கடந்த 36 மாதங்களின் தவணை விவரம் மாதவாரியாகத் தெரியும். ஒழுங்காகக் கட்டும் ஒவ்வொரு மாதமும் பழைய தவறைப் பின்னுக்குத் தள்ளும். இடைக்காலத்தில் சிறிய நகைக் கடன் ஒன்றை வங்கியில் பெற்று, குறித்த நாளில் மீட்பது நல்ல பதிவாகும். ஈடு இருப்பதால் இதற்கு மதிப்பெண்ணை அதிகம் பார்ப்பதில்லை. தேவையில்லாத கடனை இதற்காக வாங்க வேண்டாம்.

ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் மனுப் போடுவதும் கூடாது. ஒவ்வொரு வங்கியும் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது பதிவாகிறது. அது அதிகமானால் மதிப்பெண் குறையும். வழக்கமாகக் கணக்கு வைத்திருக்கும் கிளை ஒன்றையே அணுகி, பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார் ஆகியவற்றுடன் நிலுவையின்மைச் சான்றையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். பயிர் எந்த ஆண்டில் ஏன் போயிற்று என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தால் மேலாளர் மேலிடத்திற்கு எழுத உதவியாக இருக்கும். கடன் அளவு, பயிருக்கு ஏற்ப ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டந்தோறும் நிர்ணயிக்கப்படுகிறது. முதல் ஆண்டில் அதில் ஒரு பகுதியை மட்டும் கேட்பது புத்திசாலித்தனம்.

மனுவிற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டுப் பெறுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்குப் புகார் எழுதி முப்பது நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 14448 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம்.

சம்பாவிற்கு ஐப்பசியில் பணம் வேண்டுமென்றால், அறிக்கையைப் பார்க்கும் வேலையைச் சித்திரையிலேயே தொடங்கிவிட வேண்டும். திருத்தத்திற்கு ஒரு மாதமும், அது வங்கியின் பார்வைக்கு வரச் சில வாரங்களும் ஆகும். அட்டை கைக்கு வந்ததும் கட்ட வேண்டிய நாளை வங்கியில் கேட்டு வீட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். கடன் எடுத்த நாளிலிருந்து ஓராண்டு, அல்லது வங்கி குறித்த நாள், இவற்றில் எது முன்னதோ அதுவே கெடு.