மறதியால் பிழைத்த நிலையம்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி யூனிட் ட்ரெயினில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ராயபுரம். செல்போனிலிருந்து தலை தூக்குவதற்குள் வண்டி கிளம்பிவிடும். அந்தப் பக்கம் உயரமான தூண்களோடு ஒரு கட்டடம் நிற்பதைத் தினமும் போய்வருபவர்களில் பலர் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் புறப்பட்டது. வாலாஜா வரை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். தொடக்க ஓட்டத்தில் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவும் சுமார் 300 ஐரோப்பியர்களும் பயணம் செய்தார்கள்.

ஏன் ராயபுரம்? கோட்டையும் வணிகர்களின் கறுப்பர் நகரமும் பக்கத்தில் இருந்தன. சரக்கு வந்திறங்கும் கடற்கரையும் கூப்பிடு தூரம். அன்றைய மெட்ராஸுக்குத் துறைமுகம் என்ற ஒன்றே கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுக்காரர்கள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் மூட்டையையும் கரை சேர்ப்பார்கள். துறைமுகம் கட்டும் வேலை தொடங்க இன்னும் சுமார் இருபது ஆண்டு ஆனது. துறைமுகத்துக்கு முன்பே ரயில் வந்துவிட்ட ஊர் இது.

பிறகு இறங்குமுகம்தான். 1873இல் சென்ட்ரல் வந்தது. நெடுந்தூர வண்டிகள் மெல்ல அங்கே போயின. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகமும் 1922இல் பார்க் டவுனுக்கு மாறியது. ராயபுரத்துக்கு மிஞ்சியவை யார்டும் சரக்கும் உள்ளூர் வண்டிகளும்.

நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்று இதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் பம்பாயின் போரிபந்தரும் தானேவும் 1853, ஹவுரா 1854. மூன்றும் இதற்கு மூத்தவை. அங்கே கூட்டம் பெருகப் பெருக, பழையதை எடுத்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். ராயபுரத்தில் கூட்டம் சேரவில்லை, இடிக்க யாருக்கும் அவசியமும் வரவில்லை. பாதுகாத்து வைத்தோம் என்று நாம் மார்தட்ட இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பாழடைந்து கிடந்ததை ஒழுங்காகப் பழுதுபார்த்ததே 2005 வாக்கில்தான்.

நிலைய ஆர்வலர்கள் நெடுங்காலமாகக் கேட்பது வேறு: இதை மறுபடி வெளியூர் வண்டிகளின் முனையமாக்குங்கள் என்பது. வழக்காகவும் உயர் நீதிமன்றம் போனது. மூன்றாவது முனையம் என்னவோ தாம்பரத்துக்குக் கிடைத்தது. ராயபுரத்துக்கும் ஒருநாள் கிடைக்கலாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யார்டு நிலம் பரந்து கிடக்கிறது, புது நடைமேடைகளை அங்கே போட்டுக்கொள்ளலாம். டிக்கெட் கவுன்டர் போதவில்லை, பார்க்கிங் இல்லை என்று தூண்களின் மேல் மட்டும் கை வைத்துவிடக் கூடாது.